எடுக்கிற வேகம்

மூக்குக் குழாயில் காற்று வருகிறதா என்று சாரதாமணி விரலை வைத்துப் பார்த்தாள், வந்தது, தூங்குகிற குழந்தை விடுகிற மூச்சளவுக்கு மெல்லிசாக வந்தது, கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவள் கணவர் நாச்சிமுத்து கண்ணைத் திறக்காமலே வருது வருது என்று கையை ஆட்டினார், இதே சோதனையைக் காலையிலிருந்து அவள் ஓயாமல் செய்வது அவருக்கு அலுத்திருக்க வேண்டும், அவளுக்கே அலுத்துவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள், நான்கு மணிக்குத் தருவோம் என்று பேப்பரில் போட்டிருந்தது, துடியலூர்ப் பக்கத்து ஊர்ப் பெயர்களெல்லாம் கல்யாணப் பத்திரிகை போல வரிசையாக வந்திருந்தன. மற்ற வீட்டுப் பெண்கள் அதற்குள் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, சட்னி அரைத்து, துணியைச் சுழல விட்டு எடுத்து, இனி சாயங்காலம் வரைக்கும் நமக்கென்ன என்று வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். இந்த வீட்டில் கரண்ட் என்றால் மிக்ஸியும் ஃபேனும் இல்லை, ஒரு மனுஷனுடைய மூச்சு. நுரையீரல் முழுக்கத் தழும்பாகிவிட்டது, தழும்பு தழும்புதான், திரும்ப இளகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகல் இல்லாமல் இந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் தாங்கவில்லை என்று எதிர்ச் சுவரோரம், இவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து நீளக் குழாயை இழுத்து விட்டிருக்கிறார்கள், அந்தக் குழாயைத் தாண்டித் தாண்டித்தான் அவள் காப்பி கொண்டுவருகிறாள், மாத்திரை கொண்டுவருகிறாள், ஒருநாள் இதில் கால் தடுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் இவரை யார் பார்ப்பது என்று நினைக்கிறாள், விழவில்லை, நாளைக்கும் தாண்ட வேண்டும். இப்போது மெஷின் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, ஃப்ரிட்ஜை நிறுத்தியாகிவிட்டது, முதுகில் வேர்வை ஓடி நாற்காலி ரெக்சினோடு ரவிக்கை ஒட்டிக்கொண்டுவிட்டது, எடுத்தால் பிசுக்கென்று சத்தம் வருகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். நூற்றைம்பது பெருக்கல் பன்னிரண்டு. ஆயிரத்தெண்ணூறு. வகுத்தல் மெஷின் இழுக்கிற முன்னூறு. ஆறு. இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பது போக ஐந்து. ஒன்பதும் ஐந்தும் பதினாலு, அதாவது இரண்டு மணி. இரண்டு மணி வரைக்கும் பயமில்லை. பயமில்லை என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து பெருக்கினாள்.

இந்தக் கணக்கை அவள் அவரிடம் காட்டவில்லை. வேறு எந்தக் கணக்காக இருந்தாலும் காட்டியிருப்பாள், காட்டாமல் விட்டால் அவர் விடமாட்டார், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், அளவை தப்பினால் பொறுக்காது. யாராவது எங்கள் வீட்டில் மாதம் முன்னூறு கிலோவாட் ஓடுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், கல்யாணப் பந்தியாக இருந்தாலும் இலையில் போட்ட பாயசத்தை விட்டுவிட்டு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார். ஏனுங்க, முன்னூறு கிலோவாட்டா? வீட்டுக்குள்ள மில்லு வெச்சிருக்கீங்களா? கிலோவாட்டுங்கறது எவ்வளவு வேகமாத் திங்குதுங்கறது. கிலோவாட் மணிங்கறது மொத்தமா எவ்வளவு தின்னுச்சுங்கறது. யூனிட்டுன்னு சொல்லுங்க, அது சரி, ஒரு யூனிட்டுன்னா ஒரு கிலோவாட் மணி. எதிர்வரிசையில் உட்கார்ந்திருக்கிற சாரதாமணிக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது. ஆனால் அவளுக்குச் சோறு போட்டதும் இந்தப் பைத்தியம்தான், அவள் கம்பெனிகளுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறவள், மோட்டார் பம்பு, கிரைண்டர், கீசர், இன்வெர்ட்டர், எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்துக் கிடக்குமே, யாரும் படிக்காத தாள், அதைத் தமிழில் எழுதித் தருவது அவள் வேலை. எழுதியதை அவர் சிவப்புப் பேனாவோடு எடுத்துக்கொண்டு உட்காருவார். k சின்னது, W பெருசு, h சின்னது. W வாட்டுங்கற மனுஷனோட பேரு அம்மிணி, தலை நிமிர்ந்து நிக்கட்டும். எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவுல கொஞ்சம் எடம் விடு, மூச்சு முட்டுது பாரு. நடுவுல சாய்கோடு போட்டிருக்கறே, kW/h, இது வகுத்தல் இல்ல, பெருக்கல், வாட்டையும் நேரத்தையும் பெருக்கறோம், வகுத்தா வேற எங்கியோ போயிரும். வகுத்தால் எங்கே போகும் என்று அவள் ஒரு தடவை கேட்டுவிட்டாள், அன்றைக்கு இட்லி ஆறிப் போனது. மூச்சு முட்டுது என்று அப்போது விளையாட்டாகச் சொன்னவர்தான். இப்போது அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

காட்டாததற்குக் காரணம், அதைக் காட்டினால் அது அவர் மூச்சின் கணக்கு. உங்களுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது பாருங்கள் என்று ஒரு தாளை எப்படி நீட்டுவது. நேற்று அடுப்படியில் நின்றபடி, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கமுக்கமாகப் போட்டாள், போட்டுவிட்டுத் தாளைக் கசக்கிக் குப்பையில் எறிந்தாள், எறிந்ததிலிருந்து அது தலைக்குள் ஓடுகிறது. மீதி நேரத்துக்குச் சிலிண்டர் இருக்கிறது என்று தைரியம், ஆனால் சிலிண்டர் நிரப்பப் போயிருக்கிறது, சிலிண்டர் வண்டி ரபீக் பன்னிரண்டுக்குள் கொண்டுவருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார், அவர் எப்போதும் சொன்ன சொல் தவறாதவர், தவறாதவர்களுக்கும் ஒருநாள் டயர் வெடிக்கும். வேகம் வேறு, மொத்தம் வேறு. இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம், கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, இவளிடமும் ஏதோ ஒரு மொத்தம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார்கள், மாமியார் எடுத்தார், மகள் எடுத்தாள், மகள் இப்போது ஓசூரில் வேலையும் கைக்குழந்தையுமாக மாட்டிக்கொண்டு தினமும் போனில் மட்டும் அழுகிறாள், இவர் எடுக்கிறார், இவர் கேட்டு எடுக்கவில்லை, இருமுகிறார், அவ்வளவுதான், இருமினால் இவள் எழுந்துவிடுகிறாள், இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று எழுந்துவிடுகிறாள். முழுசாக ஒரு தூக்கம் எப்படி இருக்கும் என்று மறந்தே போய்விட்டது. இந்த மெஷின் உயிரை வாங்குகிறது என்று ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உயிரைக் கொடுக்கிறது அம்மா அது, உனக்குத்தான் வாய் இப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அதன் சத்தம், புஸ், தடக், புஸ், தடக், மண்டைக்குள்ளேயே ஒரு தறி ஓடுவது மாதிரி, கண்ணை மூடினால் இமைக்குள் ஓடுகிறது, இது ஒருநாள், ஒரே ஒருநாள் நின்றால் நான் தூங்கிவிடுவேன் என்று போன வாரம் பாத்திரம் கழுவும்போது நினைத்தாள். நினைத்து முடித்த பிறகுதான் நின்றால் என்பதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் நெஞ்சைப் பார்த்தாள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை, சாப்பிடும்போது பிடிக்கவில்லை, சாமி விளக்கு ஏற்றும்போது சுத்தமாகப் பிடிக்கவில்லை, நான் இவருடைய சாவை நினைக்கவில்லை, தூக்கத்தைத்தான் நினைத்தேன், இரண்டும் வேறு வேறு, வேறுதானே, வேறுதான் என்று யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் போலிருக்கிறது, சொல்வதற்கு வீட்டில் இருப்பது இவர் ஒருவர்தான்.

இன்வெர்ட்டர் கீச்சென்றது. சாரதாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு இல்லை, பன்னிரண்டரைகூட ஆகவில்லை, எலி கத்தியிருக்கும் என்று நினைத்தாள், வேண்டுமென்றேதான் அப்படி நினைத்தாள், மறுபடியும் கீச்சென்றது, பேட்டரி படத்துக்கு மேல் சிவப்பு விளக்கு மின்னியது. இருக்க முடியாது. நூற்றைம்பது பெருக்கல் பன்னிரண்டு. எங்கே தப்பியது, பெருக்கலிலா, வகுத்தலிலா, பேட்டரிக்குத் தண்ணீர்கூட ஊற்றியாயிற்றே, ஆயிரத்தெண்ணூறு, முன்னூறு, மெஷினின் முதுகில் முன்னூறு என்றுதானே போட்டிருக்கிறது, ரபீக்கின் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

"அம்மா, நெரப்புற எடத்துல ஒரே கூட்டமுங்க. நம்ம சிலிண்டர இன்னும் மாட்டவே இல்லீங்க. ரெண்டரைக்குள்ள எப்பிடியும் வந்துர்றனுங்க."

ரெண்டரை. அவள் வைத்துவிட்டு செக்‌ஷன் ஆபீஸ் சம்பத்தைக் கூப்பிட்டாள். இவரிடம் வேலை பழகிய பையன், இப்போது இந்தப் பகுதிக்கு அவன்தான் உதவிப் பொறியாளர், அவன் கையசைத்தால் கரண்ட் வந்துவிடும் என்று நேற்றிலிருந்தே மனசின் ஒரு மூலையில் அவனை ஒளித்து வைத்திருந்தாள்.

"சம்பத்து, சாருக்கு மெஷின் நிக்கப் போகுதப்பா. ஒரு அரைமணி நேரம் மட்டும் குடுத்துட்டு மறுபடி நிறுத்திக்குங்களேன்."

"அக்கா, ஆளுக மேல ஏறி நிக்கறாங்க. மூணு எடத்துல எல்சி வாங்கியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

எல்சி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், இந்த வீட்டில் அது தாலி மாதிரி ஒரு சொல். லைனில் கரண்ட் இல்லை, நீ ஏறலாம் என்று எழுதிக் கையில் கொடுப்பது. வாங்கியவன் கீழே இறங்கி, தன் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, தன் வாயால் திருப்பித் தருகிறேன் என்று சொல்கிற வரைக்கும் எந்தக் கொம்பன் வந்து நின்றாலும் சுவிட்சைத் தொடக் கூடாது. ஒரு தடவை யாரோ பெரிய மனுஷன் வீட்டு விசேஷத்துக்காக மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்தபோது நாச்சிமுத்து ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்து இவளிடம் மோர் கேட்டார். அந்த மனுஷனின் பெண்டாட்டிதான் இப்போது கேட்கிறாள். கம்பத்தின் மேல் நிற்கிறவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள், தெரிகிறது, எனக்கும் தெரிகிறதப்பா, ஆனால் கீச் கீச்சென்று இது கத்துகிறதே. கட்டிலில் அவர் கையை நீட்டிக்கொண்டிருந்தார். போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"சம்பத்து," என்றார், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் காற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு. "அவசரப்படுத்தாதே. ஆளுகள எறக்கி... எண்ணிப் பாத்து... குடு. நான் சமாளிச்சுக்கறேன்."

நான் சமாளிச்சுக்கறேன் என்கிறார். சமாளிப்பது யார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நூற்றெட்டுக்குப் போட்டால் ஆம்புலன்ஸ் வரும், வந்தால் ஐசியூ, போன தடவை அங்கே கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள், திரும்பி வந்ததும் இனிமே என்னெ அங்க மட்டும் அனுப்பாதே என்று சின்னப் பிள்ளை மாதிரி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், சரி என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான், ஆனால் ஒரு எல்லைக்குக் கீழே போனால் நான் கூப்பிடத்தான் கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ளட்டும், கோபித்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும்.

"கணக்கு... எப்பிடிப் போட்டே?" என்று கேட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் போட்டது இவருக்கு எப்படித் தெரியும், எல்லாமே தெரிந்துதான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாரா. பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்று ஒப்பித்தாள், நூற்றைம்பது ஆம்பியர் மணி, பன்னிரண்டு வோல்ட், ஆயிரத்தெண்ணூறு வாட் மணி, முன்னூறு வாட், ஆறு மணி நேரம், நஷ்டம் போக ஐந்து. அளவைகளையெல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், அவள் கொண்டுவந்த எழுத்தைப் பார்க்கிற அதே தலையாட்டல்.

"பேட்டரி மேல... ஆம்பியர் மணிக்குப் பக்கத்துல... C20ன்னு போட்டிருக்குமே."

போட்டிருக்கும். அவளே எழுதியிருக்கிறாள், எத்தனையோ கையேட்டில், C20 அடிப்படையில் என்று, அப்படியே ஆங்கிலத் தாளில் இருந்ததைத் தூக்கிப் போட்டிருக்கிறாள், அது ஏதோ மாடல் நம்பர் மாதிரி என்று நினைத்துக்கொண்டு, அதை மட்டும் அவர் என்றைக்கும் திருத்தவில்லை, ஏனென்றால் அவள் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை.

"இருபது மணி நேரம்... மெதுவா எடுத்தா... நூத்தம்பது குடுக்கும். நீ அஞ்சு மணி நேரத்துல... எடுக்கறே. அவ்வளவு குடுக்காது."

"மொத்தம் மொத்தம்தானுங்க? வேகம் வேற, மொத்தம் வேறன்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னீங்க?"

"வேறதான்." அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். "ஆனா எடுக்கற வேகத்துல... மொத்தமே கொறையும் அம்மிணி. வருத்தி எடுத்தா... எல்லாத்துக்கும் அப்பிடித்தான்."

எல்லாத்துக்கும் என்று சொல்லும்போது அவர் பேட்டரியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். அவளுக்கு எரிச்சல் வந்தது, இதையெல்லாம் முன்னாலேயே பார்த்திருக்கக் கூடாதா, இல்லை, முன்னாலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தாரா. அவர் விரலால் மெஷினைக் காட்டினார். "நிறுத்து. கொஞ்சம் ஓய்வு குடுத்தா... திரும்பக் கொஞ்சம் குடுக்கும். இப்பவே தீத்துப்போட்டா... பின்னால ஒண்ணும் இருக்காது. உக்காந்திருந்தா... கால்மணி நேரம்... நான் தாங்குவேன்."

வேண்டாம் என்றாள். வேறு வழி சொல் என்றார். வழியில்லை. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, மடியில் இரண்டு தலையணையை வைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றச் செய்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து மூச்சுவிடச் சொல்லி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற சின்ன மீட்டரை விரலில் மாட்டினாள், தொண்ணூற்றொன்று காட்டியது. எண்பத்தைந்துக்கு வந்தால் போட்டுவிடுவேன், என்னிடம் பேரம் பேசக் கூடாது என்றாள். அவர் தலையாட்டினார். அவள் எதிர்ச் சுவருக்குப் போய் சுவிட்சை அணைத்தாள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

நின்றதும் அறை பெரிசாகிவிட்டது. இவ்வளவு பெரிய அறையா இது என்று சாரதாமணி நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள், பார்வை மீட்டரில்தான் இருக்க வேண்டும், மீட்டரில்தான் இருக்கிறது, தொண்ணூறு, இங்கிருந்தே சிவப்பு எழுத்து தெரிகிறது. எங்கோ ஒரு காகம் கத்தியது. தண்ணீர்த் தொட்டியின் மூடி வெயிலில் படக்கென்று விரிந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் யாரையோ குளிக்கக் கூப்பிட்டாள், இந்தக் குரலெல்லாம் இத்தனை நாளும் இருந்ததா, மெஷினுக்குப் பின்னால் ஒரு ஊரே இருந்திருக்கிறது, தொண்ணூறு, எண்பத்தொன்பது, அவர் உதட்டைக் குவித்து ஊதுகிறார், நன்றாக ஊதுகிறார், கல்யாணமான புதிதில் ஊட்டியில் சூடான சோளத்தை இப்படித்தான் ஊதி ஊதிக் கொடுத்தார், சோளம் சுட்டதா, மழை பெய்ததா, மழைதான், இல்லை அது மருதமலை, எண்பத்தொன்பது, மருதமலைப் படியில் அவள் செருப்பு அறுந்து போய், படி ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பால் எண் எழுதியிருக்கிறார்கள், எழுதினால் இடம் விட்டு எழுத வேண்டும், யார் எழுதியது இது, எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் இடமே இல்லை, சொல்ல வேண்டும், கீழே போனதும் சொல்ல வேண்டும், உட்கார்ந்தால் என்ன இந்தப் படியில், கொஞ்சம் உட்கார்ந்தால், கல் குளுகுளுவென்று இருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை, யாருமே கூப்பிடவில்லை, எவ்வளவு நாளாகிவிட்டது யாரும் கூப்பிடாமல் இருந்து.

காற்று முகத்தில் அடித்தது. நல்ல காற்று, கழுத்து வேர்வையில் பட்டுச் சில்லென்றது, அவள் அதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. காலையில் ஃபேனை அவள் நிறுத்தவில்லையா, நிறுத்தினாள், இன்வெர்ட்டர் ஃபேனைத்தான் நிறுத்தினாள், இது வாரியத்து லைனில் ஓடுகிற ஃபேன், டியூப்லைட்டும் அந்த லைன்தான், அப்படியென்றால் கரண்ட் வந்துவிட்டது, கடிகாரத்தில் மணி ஒன்றுதான், நாலு மணிக்கு முன்னாலேயே சம்பத் கொடுத்துவிட்டிருக்கிறான், வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் தலையணையில் ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார், உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது, மீட்டர் எழுபத்தாறு என்றது, கண் மட்டும் திறந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சாரதாமணி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. சுவிட்சைப் போட்டாள், ஓடி வந்து குழாய் மூக்கில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, முதுகைத் தேய்த்துவிட்டு, ஊதுங்க, ஊதுங்க, என்னெப் பாருங்க, ஊதுங்க என்று தானும் சேர்ந்து ஊதினாள். மெஷின் புஸ், தடக் என்று ஆரம்பித்தது. எழுபத்தேழு. எழுபத்தொன்பது. அங்கேயே நின்றது. எண்பத்திரண்டு. உதட்டில் மெல்ல மெல்ல நிறம் வந்தது, அவள் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

"எப்பங்க வந்துச்சு கரண்ட்டு?"

அவர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். காற்று வேண்டியிருந்தது.

"ஒரு கொரல் குடுக்க முடியல? ஒரு டம்ளரைத் தள்ளி விட்டிருந்தாக்கூட முழிச்சிருப்பேனே. உங்களுக்கென்ன கிறுக்கா?" அவர் தோளில் அடித்தாள், அடித்த கையை எடுக்க முடியாமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். "எண்பத்தஞ்சுன்னு பேசுனமுல்ல. நீங்கதான மீட்டரப் பாத்துட்டு இருந்தீங்க. எழுபத்தாறுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"அசந்து தூங்குனே," என்றார் அவர், நேரம் எடுத்துக்கொண்டு. "எழுப்ப... மனசு வரல."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவும்போது நினைத்தது இவருக்கு எப்படிக் கேட்டது, கேட்டிருக்காது, கேட்க முடியாது, ஆனால் கொடுத்துவிட்டார், தன் மூச்சிலிருந்து எடுத்து ஒரு தூக்கம் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். மீட்டர் எண்பத்தொன்பதுக்கு வந்தது. அவர் அவள் கையின் மேல் கையை வைத்தார், சில்லிட்டிருந்தது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"நல்லா இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டு, அவர் மடியிலிருந்த தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.